எரிந்த குறிப்புகளும் நினைவில் நின்ற ஊரும்

சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948-இல் மைசூர் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ராம்புரா. பல வருடம் உழைத்துத் தொகுத்த குறிப்புகளோடு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 1970 ஏப்ரலில் அங்கே யாரோ வைத்த தீயில் மூன்று பிரதிகளும் எரிந்து போயின. மூல நாட்குறிப்புகள் டெல்லியில் இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

நினைவிலிருந்தே எழுதச் சொன்னார் சோல் டாக்ஸ் என்ற மானுடவியலாளர். அப்படிப் பிறந்ததுதான் 1976-இல் வந்த 'தி ரிமெம்பர்ட் வில்லேஜ்'.

தலைகளை எண்ணும் கணக்கெடுப்பில் தாள் போனால் எல்லாம் போச்சு. ஆனால், தங்கள் வாழ்க்கைக்கு மக்களே கொடுக்கும் அர்த்தத்தைப் புரிந்துகொள்ளும் ஆய்வில், ஆய்வாளரே ஒரு கருவி. ஊர்த்தலைவரின் அதிகாரம், வயல் வேலை, சண்டை, சமாதானம் எல்லாம் சீனிவாஸுக்குள் தங்கியிருந்தன.

அந்தக் கருவி எங்கே நின்றது என்பதும் முக்கியம். அவர் பிராமணர், தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான இடத்தில். தலித் மக்களோடு பழகியது குறைவு. தன்னுடையது மேல்சாதிப் பார்வை என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

ஊரை விட்டு வந்த நாமும் பிள்ளைகளுக்கு நினைவிலிருந்துதான் ஊரைச் சொல்கிறோம். கோயில் தெரு வருகிறது, குளம் வருகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வருகிறார்களா? எந்தத் தெருவிலிருந்து பார்த்த ஊர் என்பதையும் சேர்த்தே சொல்வோமே!