காப்பும் நம்பிக்கையும்: பழையனூர் வழக்கும் யூத அறநூல்களும்

திருவாலங்காட்டுக்கு அணித்தே உள்ள பழையனூரில் நிகழ்ந்ததாகத் தொண்டை நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நீலி கதையை, வாக்குத் தவறாமையின் மேன்மைக்கு உதாரணமாகக் காட்டுவதே நம் புலவர்களின் வழக்கம். அக்கதையை மற்றொரு பொருள் பற்றிய வழக்காகவும் வாசிக்க இடமுண்டு. தெய்வத்தையோ சான்றோர் சொல்லையோ நம்புகிறவன் கையிலுள்ள காப்பைக் கைவிடலாமா, அதனினும் மேலாக, பிறனைக் கைவிடும்படி சொல்லலாமா என்னும் அவ்வினாவை நெடுங்காலமாக நுணுகி ஆராய்ந்து வந்தவர்கள் யூத சமயத்தார் ஆதலின், அவர்களுடைய நூல்களைத் துணைக்கொண்டு பழையனூர் வழக்கை மீண்டும் விசாரிப்பது இங்கே என் நோக்கம்.

முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனே இப்பிறப்பில் வணிகனாக வந்தான் என்று அறிந்த நீலி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, அவன் மனைவி போல ஊரவையில் முறையிட்டாள். அவன் கையிலிருந்த வாளைக் கண்டு தான் அஞ்சுவதாகவும் சொன்னாள். அவள் பேய் என்றும், அவ்வாள் தன் உயிர்க்காப்பு என்றும் வணிகன் அலறியதை அவையிலிருந்த வேளாளர் எழுபதின்மரும் ஏற்கவில்லை. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்குக் கேடு வருமாயின் நாங்களும் உயிர் தரிப்பதில்லை என்று பிரமாணம் செய்து, இருவரையும் ஓரிடத்தில் தங்கச் செய்தனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடந்தான், எழுபதின்மரும் தீப்புகுந்தனர். இச்செய்தியின் பழமைக்குத் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பதே சான்றாகும்.

இனி யூதர் பக்கம் திரும்புவோம். பாபிலோனிய தேசத்திலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூத ஆசாரியர் எஸ்றா, பாரம்பரியக் கணக்குப்படி கி.மு. 458இல், பாரசீக மன்னனிடம் குதிரைவீரரைக் கேட்க வெட்கினார். இறைவனைத் தேடுவோர்மேல் அவனுடைய கரம் இருக்கிறது என்று அவர் முன்னமே மன்னனிடம் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்ன வாயால் படை வேண்டுவது எங்ஙனம்? அவர் அகாவா ஆற்றங்கரையில் கூட்டத்தார் அனைவரையும் உபவாசம் இருக்கச் செய்து, குழந்தைகளோடும் பெரும் பொன் வெள்ளியோடும் கள்வர் உலவும் வழியில் புறப்பட்டார். பதின்மூன்று ஆண்டு கழித்து, கி.மு. 445இல், அதே நகருக்கு வந்த யூத ஆளுநர் நெகேமியாவோ சேனைத் தலைவரும் குதிரைவீரரும் சூழ வந்தார்; மதில் கட்டும்போது பகைவர் மிரட்டவே, இறைவனை வேண்டியதோடு இரவும் பகலும் காவலும் வைத்தார்; அவருடைய ஆட்களில் பாதிப்பேர் வேலை செய்யப் பாதிப்பேர் ஈட்டி பிடித்து நின்றனர். இவ்விருவரில் ஒருவரையும் யூத வேதம் குறை கூறவில்லை.

எஸ்றாவின் செயலைத் தூய விசுவாசமென்றும் நெகேமியாவின் செயலை லௌகிக விவேகமென்றும் பிரித்துவிடுவது எளிது. ஆனால் அது பிழை என்றே கருதுகிறேன். கள்வருக்கு எதிராகப் படை வேண்டாத எஸ்றாவே, பொன்னையும் வெள்ளியையும் ஆசாரியர் பன்னிருவரிடம் நிறுத்துக் கொடுத்து, எருசலேமில் மீண்டும் நிறுத்து வாங்க ஏற்பாடு செய்தார். பொறுப்பு என்று வந்தவிடத்துத் தராசை அவர் விடவில்லை. படைத்துணையின்றிப் போகும் துணிவிலும் உபவாசத்தின் வாயிலாகக் கூட்டம் முழுவதும் பங்குகொண்டது. எனினும் குழந்தைகளின் சம்மதத்தை யார் கேட்டார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு அந்நூலில் விடை காண்பதற்கில்லை.

பிற்கால யூத சாஸ்திரிகள் நெகேமியாவின் பக்கமே சாய்ந்தார்கள். தீங்கு கண்கூடாக உள்ளவிடத்தில் அற்புதத்தை எதிர்பார்த்து நிற்கலாகாது என்பது யூத சட்டத் தொகுப்பான தால்முதின் முடிபு. இறைவனே அனுப்பியபோதும் சவுல் மன்னனுக்கு அஞ்சிய தீர்க்கதரிசி சாமுவேலுக்கு, ஒரு கிடாரியைப் பலிக்கெனக் கொண்டுபோகும் உபாயத்தை இறைவனே கற்பித்ததை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா, இதயத்தின் கடமைகள் பற்றிய தம் நூலில் இறைநம்பிக்கைக்கென ஒரு வாயிலையே வகுத்தவர். அவரும் தெய்வம் காக்கும் என்று நஞ்சுண்பவனைக் குற்றவாளி என்றே கூறினார். இவை எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்வது யூத வேத நூலான உபாகமத்தின் ஒரு சிறு விதி: புதுவீடு கட்டுகிறவன், பிறர் விழுந்து மடியாதபடி மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். மேலே ஏறுகிறவன் விழுவது தெய்வ சித்தமோ அன்றோ, அச்சுவரை எழுப்பாத வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி உண்டு. யூத சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இவ்விதியைக் கிணறு முதலிய அபாயங்களுக்கும் விரித்து, என் உயிர்க்குத்தானே ஆபத்து, பிறருக்கென்ன என்பவனும் தண்டனைக்குரியவன் என்று முடித்தார்.

இவ்வளவையும் பழையனூர் அவையின்முன் வைத்துப் பார்த்தால், எழுபதின்மர் செய்த தவறு அவர்கள் செய்த பிரமாணத்தில் இல்லை என்பது புலனாகும். வாளை வாங்கினார்களே, அங்கேதான் தவறு. அஞ்சுகிறவன் சொல்லை ஆராயாமல், தங்கள் நல்லெண்ணத்தையே அவனுக்குக் காப்பாகத் தந்து, அவன் வைத்திருந்த உண்மையான காப்பைப் பறித்துக்கொண்டார்கள். பிறனுடைய மாடிச்சுவரை இடித்துவிட்டு, நீ விழமாட்டாய் என்று ஆணையிடுவது போன்றதன்றோ இது? தீப்புகுந்ததால் வாக்குக் காப்பாற்றப்பட்டது, வணிகன் காப்பாற்றப்படவில்லை. அவ்வேளாளருடைய சத்தியத்தின்முன் நான் தலைவணங்குகிறேன்; ஆயினும் அவர்களைப் புகழும் நூல்கள் வணிகனுடைய அலறலை இவ்வளவு விரைவில் கடந்து சென்றிருக்க வேண்டியதில்லை.

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்காலம்மையாரும் வாழ்ந்தார். கணவனுடைய துணை நீங்கியபின் உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, கூத்தனுடைய திருவடிக்கீழ்ச் சுடுகாட்டிலே அமர்ந்த அம்மையாரைச் சைவம் போற்றுகிறது. மைமோனிடீஸின் நெறியோ உடலை அப்படி உதற எவருக்கும் உரிமை தராது. இவ்விடத்தில் இரு மரபுகளும் பிரிகின்றன, அப்பிரிவை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் அம்மையார் துறந்தது தமக்கு உரிய காப்பை மட்டுமே. பிறர் ஒருவருடையதையும் துறக்கச் சொல்லவில்லை. இந்த எல்லைக்குள் யூத சாஸ்திரத்தின் உட்கருத்துக்கு அவருடைய துறவு மாறுபடவில்லை என்பது என் துணிபு.

நம்பிக்கையும் காப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் கருத்துக்கு நம் நாட்டு யூதர்களின் சரித்திரமும் அரண் செய்கிறது. 1905இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், இதே பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்கு முதலாம் இராசேந்திரன் அளித்ததைக் கூறுவன. அவ்வேடுகளுக்குச் சற்று முன்பாக, கி.பி. 1000ஐ ஒட்டி, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான். அரசனுடைய ஏட்டைப் பெறுவது இறைவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு இழுக்கு என்று அச்சமூகம் எண்ணவில்லை. அதைத் தொழுகைக்கூடத்திலேயே பேணி வைத்தது. கொச்சி மன்னனின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த தொழுகைக்கூடத்தை 1662இல் போர்த்துகீசியர் சேதப்படுத்தினர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் யூதர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டனர். அரசனுடைய அண்மை ஒருமுறை பயன்படாது போயிற்று என்பதற்காக, தொழுகையை மட்டும் நம்பி அவ்விடத்தை விட்டு அவர்கள் வெளியேறவுமில்லை, அரசனை நம்பித் தொழுகையைத் தளர்த்தவுமில்லை.