ஐரிஸ் பூவா, பென்குயினா? சூழலியல் மாணவரின் முதல் தரவு

நிரல்மொழிகளில் ஆர் படிப்பதா, பைத்தான் படிப்பதா என்று சூழலியல் மாணவர்கள் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். இரண்டும் இலவசம். ஒன்றில் கை பழகியவருக்கு மற்றது பிறகு எளிதாகவே வரும். அந்தக் கேள்வியைவிட முக்கியமானது, எந்தத் தரவை வைத்துப் பழகுவது என்பது. தரவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தை முதல் அட்டவணைதான் மனத்தில் பதிக்கிறது. அந்த இடத்தில் நெடுங்காலம் ஐரிஸ் பூக்கள் இருந்தன. 2020இல் அண்டார்டிகப் பென்குயின்கள் வந்தன. 2025இல் வெளியான ஆர் 4.5.0 பதிப்பிலிருந்து இரண்டும் மொழியோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஐரிஸ் அட்டவணையில் 150 பூக்கள். மூன்று இனங்கள், இனத்துக்கு 50. ஒவ்வொரு பூவுக்கும் புல்லி இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம் என நான்கு அளவுகள். காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் சேகரித்த இந்த அளவுகளை வைத்து, இனங்களைக் கணக்கின் வழியே பிரித்தறியும் முறையை 1936இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் விளக்கினார். செட்டோசா இனத்தில் மிக நீண்ட அல்லி இதழ் 1.9 செ.மீ.; வெர்சிகலரில் மிகக் குட்டையானதே 3 செ.மீ. சிதறல் வரைபடம் ஒன்று போட்டதுமே செட்டோசா தனியாக ஒதுங்கி நிற்கும். இரண்டு வரி நிரலில் இயற்கையின் ஓர் ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவது தொடக்கக்காரருக்குப் பெரிய ஊக்கம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அட்டவணையில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். செட்டோசாவும் வெர்சிகலரும் ஒரே இடத்தில் சேர்ந்து வளர்ந்தவை. விர்ஜினிகா வேறு இடத்திலிருந்து வந்தது. ஃபிஷரின் கட்டுரை இதைச் சொல்கிறது, அட்டவணை சொல்வதில்லை. இடம், தேதி, எந்தச் செடியின் பூ என எதற்கும் நெடுவரிசை கிடையாது. விர்ஜினிகாவின் இதழ் பெரிதாக இருப்பதில் இனத்தின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு? சூழலியலாளர் முதலில் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை ஐரிஸிடம் கேட்கவே முடியாது. ஃபிஷரின் கட்டுரை வெளிவந்த இதழ் ‘அனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. மனிதரில் ‘மேலான’ பரம்பரையைப் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கான இதழ் அது. ஃபிஷரும் அந்தக் கொள்கையின் ஆதரவாளர். பூக்கள் செய்த குற்றம் ஏதுமில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் பலர் மாற்றுத் தரவு தேடியதற்கு இதுவும் காரணம்.

அந்த மாற்றுதான் பென்குயின். அண்டார்டிகாவின் பால்மர் ஆய்வு நிலையத்தை ஒட்டிய தீவுகளில் 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மன் குழுவினர் அளந்த 344 பறவைகள். அலிசன் ஹார்ஸ்ட், அலிசன் ஹில், கோர்மன் மூவரும் அவற்றைக் கற்பித்தலுக்கான தொகுப்பாக்கினார்கள். அடெலி 152, ஜென்டூ 124, சின்ஸ்ட்ராப் 68. இனத்தோடு தீவு, ஆண்டு, பால், அலகின் நீளமும் ஆழமும், துடுப்பின் நீளம், உடல் எடை ஆகியவையும் உண்டு.

இதில் தீவுவாரியாகச் சராசரி எடை கேட்டுப் பாருங்கள். டோர்கர்சன் தீவில் சுமார் 3,706 கிராம், ட்ரீம் தீவில் 3,713, பிஸ்கோ தீவில் 4,716. பிஸ்கோவில் இரை அதிகம் போலிருக்கிறது, பறவைகள் ஒரு கிலோ கூடுதலாகக் கொழுத்திருக்கின்றன என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் எந்தத் தீவில் எந்த இனம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஜென்டூ முழுவதும் பிஸ்கோவில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அதுதான் மூன்றிலும் கனமான இனம். மூன்று தீவுகளிலும் வாழும் அடெலியை மட்டும் பிரித்தெடுத்தால் பிஸ்கோ 3,710, டோர்கர்சன் 3,706, ட்ரீம் 3,688. தீவுக்குத் தீவு வேறுபாடு என்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு மாணவர் இதைத் தன் கையாலேயே கண்டுபிடித்துவிட்டால், எண்ணிப் பார்க்காமல் சராசரி எடுக்கும் பழக்கம் அவரிடம் வேர்விடாது.

நியாயமாகப் பார்த்தால் இத்தகைய பொறி ஐரிஸிலும் உண்டு. புல்லி இதழின் நீளத்துக்கும் அகலத்துக்கும் 150 பூக்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒட்டுறவு எதிர்மறை. இனம் இனமாகப் பார்த்தால் மூன்றிலும் நேர்மறை. ஆனால் அந்த எதிர்மறை 0.12 அளவில் மெலிந்திருப்பதால் பலர் கவனியாமலே கடந்துவிடுகிறார்கள். பென்குயின் அலகின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் இடையே இதே முரண் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

காலிக் கட்டங்களை எப்படிக் கையாள்வது என்பதை ஐரிஸ் கற்பிக்கவே முடியாது. பென்குயின்களில் இரண்டு பறவைகளுக்கு உடல் அளவுகள் இல்லை. 11 பறவைகளுக்குப் பால் தெரியாது. ஆர் மொழியிடம் எடையின் சராசரி கேட்டால் எண்ணைத் தராமல் ‘என்.ஏ.’ என்று நிற்கும். விடுபட்டவற்றை நீக்கு என்று நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பு அவற்றைத் தானே விலக்கிவிட்டு எண்ணைத் தந்துவிடும். தொடக்கக்காரருக்கு ஆர் செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. எத்தனை பறவைகளை விட்டுவிட்டோம் என்று தெரியாமல் ஒரு சராசரியை நம்பக் கூடாது.

சுத்தப்படுத்தாத மூல அட்டவணையும் கூடவே வருகிறது. அதைத் திறந்தால், ஐசோடோப்பு ஆய்வுக்கு ரத்தம் போதவில்லை என்பது போன்ற களக்குறிப்புகள் தெரியும். பறவைகளின் அடையாள எண்கள், ஒரே கூட்டின் இரண்டு வளர்ந்த பறவைகளையும் இணையாகவே அளந்திருக்கிறார்கள் என்று காட்டும். அப்படியானால் 344 பறவைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற 344 சாட்சிகள் அல்ல. இதை உணர்ந்த மாணவர் பிற்பாடு சிக்கலான மாதிரிகளைப் படிக்கும்போது திணற மாட்டார்.

எனவே பென்குயினில் தொடங்குங்கள். இன வகைப்பாட்டுக் கணக்கைப் பழக ஒரு மாலைப் பொழுதுக்கு ஐரிஸ் போதும். பிறகு தாமதிக்காமல் உங்கள் சொந்தக் களக் குறிப்புகளுக்கு வாருங்கள். இடம், தேதி, பார்த்தவர் என மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள். ஏரிக்குப் போய்ப் பார்த்து அந்தப் பறவை இல்லையென்றால் 0 எழுதுங்கள்; அன்றைக்குப் போகவே இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.