பனித்தடத்தில் மிதிவண்டி

மிதிவண்டி கெட்டித் தரைக்கு உரியது என்பது பொதுவான எண்ணம். மணலில் அது புதையும், சேற்றில் வழுக்கும். பனியைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவிலே, நீண்ட குளிர்காலத்தில், உறைபனி மூடிய காட்டுத் தடங்களில் மிதிவண்டி செலுத்துவோர் பலர் உள்ளனர். அவர்கள் ஏறிச் செல்லும் வண்டியின் டயர் நான்கு அங்குல அகலம் உடையது. சிலவற்றில் ஐந்து அங்குலம். இந்தப் பருத்த சக்கரம் எவ்வாறு தோன்றியது என்னும் வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் இன்றைய அமைப்பை ஒத்த மிதிவண்டியை 1885இல் வெளியிட்டார். டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரை 1888இல் உருவாக்கினார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1896 ஆகஸ்டு மாதத்தில், கனடாவின் யூக்கான் பகுதியில் கிளாண்டைக் ஆற்றை அடுத்த ஓடையொன்றிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அத்திசை நோக்கிப் புறப்பட்டனர் என்பர். டாசன் என்னும் நகரம் காட்டின் நடுவே திடீரென எழுந்தது. பின்னர், 1898இல், அலாஸ்காவின் மேலைக் கடற்கரையில் நோம் என்னும் இடத்திலும் பொன் கிடைத்தது. உடனே டாசனில் இருந்தோர் நோமுக்கு விரைந்தனர். இடைப்பட்ட வழியோ ஏறத்தாழ ஆயிரம் மைல். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் யூக்கான் ஆறே அவர்களுக்குப் பெருவழி. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே ஊர்தி.

நாய்களுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். மிதிவண்டிக்கு உணவு வேண்டா. இந்த எளிய கணக்கை எண்ணிய சிலர் மிதிவண்டியிலே புறப்பட்டனர். எட் ஜெஸ்ஸன் என்பவர் 1900 பிப்ரவரியில் டாசனை விட்டுக் கிளம்பி, மார்ச் இறுதியில் நோமை அடைந்தார். கடுங்குளிரில் அவருடைய டயர்கள் இரும்புக் குழாய்போல் விறைத்தன. அச்சுகளில் இட்ட எண்ணெயும் உறைந்தது. மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்னும் இளைஞர் அதே ஆண்டு மார்ச் 2ஆம் நாள் புறப்பட்டு, மே 19ஆம் நாள் நோம் சேர்ந்தார். பயணத்தின் இறுதிப் பகுதியில் சங்கிலி அறுந்துவிட்டது. அவர் மனந்தளரவில்லை. தம் மேலங்கியைக் கழற்றிக் கோலொன்றில் பாய்போல் விரித்துக் கட்டினார். காற்றே வண்டியைத் தள்ளிச் சென்றது.

இவர்களுடைய துணிவைப் போற்றும் நாம் இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. மெல்லிய டயர் பூண்ட அந்த வண்டிகள் புதுப்பனியில் ஓடியவை அல்ல. சறுக்குவண்டிகள் முன்பே சென்று அழுத்திவைத்த ஒடுங்கிய தடத்திலேதான் அவை ஓடின. நாயைப் பூட்டிப் பனியில் செல்லும் கலையோ அவ்வடபுலத்துப் பழங்குடி மக்களுடையது. பொன் தேடி வந்தோர் அம்மக்களின் வழிகளைப் பயன்படுத்தினர், இடத்தையும் பறித்தனர். டாசன் எழுந்த இடத்தருகே மீன்பிடித்து வாழ்ந்த திரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள், தம் தலைவர் ஐசக் என்பாருடன் 1897இல் சில கல் தொலைவிலிருந்த மூஸ்ஹைடு என்னும் ஊருக்குப் பெயர நேர்ந்தது. அப்பகுதியை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2023இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பொன்வேட்டையின் வரலாறு அம்மக்களின் வரலாறுமாகும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

பொன்வேட்டை ஓய்ந்தது, பனியில் மிதிவண்டி ஓட்டும் வழக்கமும் மங்கியது. அது மீண்டும் தழைத்தது 1987இல். பழைய ஐடிட்டராட் தடத்தின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 200 மைல் மிதிவண்டிப் போட்டி ஒன்று அவ்வாண்டு தொடங்கிற்று. அதில் கலந்துகொண்டோர் மலைவழிக்கான மிதிவண்டிகளைக் கொண்டுவந்தனர். அவற்றின் டயர் அகலம் இரண்டு அங்குலத்தை ஒட்டியது. பனி இளகிய இடங்களில் அது போதவில்லை. ஓட்ட வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நெடுந்தொலைவு நடந்தார்கள்.

ஏன் போதவில்லை? நம் உழவர் சேற்று வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அகன்ற பலகைமேல் ஏறி நின்றாலோ ஆள் அமிழ்வதில்லை. எடை குறையவில்லை, அது பரவி நிற்கிறது. டயரின் செய்தியும் இதுவே. ஆளும் வண்டியும் சேர்ந்து 200 பவுண்டு எடை எனக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம் இருந்தால், இரு சக்கரங்களும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 4 சதுர அங்குலம். அழுத்தத்தை 5 பவுண்டாகக் குறைத்தால் அப்பரப்பு 40 சதுர அங்குலமாகிறது. ஆனால் மெல்லிய டயரில் இவ்வளவு காற்றைக் குறைத்தால் அது நசுங்கிப்போகும். ஆகவே டயர் பருத்ததாக இருந்தே ஆக வேண்டும்.

இதை உணர்ந்த அலாஸ்கா மக்கள் பட்டறைகளிலே முயன்றனர். சிலர் இரு சக்கர விளிம்புகளை அருகருகே வைத்துப் பற்றவைத்தனர். ஃபேர்பேங்க்ஸ் நகரத்துச் சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலமுள்ள விளிம்பைச் செய்து விற்றார். அதே காலத்தில், தெற்குத் திசையில், நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ரே மொலினா என்பவர் பாலை மணலில் ஓட்டுவதற்காக ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் விளிம்பையும் மூன்றரை அங்குல டயரையும் உருவாக்கியிருந்தார். அலாஸ்காவின் மார்க் கிரோன்வால்ட் 1999இல் லாஸ்வேகாஸ் கண்காட்சியொன்றில் அவற்றைக் கண்டார். அவற்றுக்கு ஏற்ற வண்டிச் சட்டங்களை அமைக்கலானார். மினசோட்டாவைச் சேர்ந்த சர்லி நிறுவனம் 2005இல் 'பக்ஸ்லி' என்னும் வண்டியை வெளியிட்டபின், 3.7 அங்குல டயர் கடைகளில் எல்லார்க்கும் கிடைக்கும் பொருளாயிற்று. இவ்வகை வண்டியிலேயே டேனியல் பர்ட்டன் 2014 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னரே மரியா லெயர்ஸ்டாம் என்னும் பெண்மணி பருத்த டயர் பூண்ட முச்சக்கர மிதிவண்டியில் அங்குச் சேர்ந்திருந்தார்.

ஒரு பொருளைக் கண்டவர் யார் என்று தேர்வில் கேட்டால் ஒரு பெயரை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். பருத்த சக்கரத்திற்கு அவ்வாறு ஒரு பெயரை எழுத முடியாது. பனியில் துன்புற்றவரும் மணலில் துன்புற்றவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விடையை நோக்கி நடந்தனர். கண்டுபிடிப்புகளுள் பல இத்தகையவை என்றே நான் கருதுகிறேன்.

இனி ஒரு கவலை. இந்தச் சக்கரத்துக்குத் தடம் வேண்டும். தடத்துக்குப் பனி வேண்டும். ஐடிட்டராட் நாய்வண்டிப் போட்டி நோம் வரை நடக்கத் தொடங்கியது 1973இல். வழக்கமான வழியில் போதிய பனியும் பனிக்கட்டியும் இல்லாமையால் 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் அதன் புறப்பாட்டை வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்ற நேர்ந்தது. பனியின்மேல் மெல்ல மிதித்துச் செல்லும் வகையை மனிதன் நூறாண்டு முயன்று கற்றான். அப்பனியைக் காக்கும் வகையையும் அவன் கற்றாக வேண்டும். அப்பாடம் அலாஸ்கா மக்களுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.