கட்டம் போட்ட கல் – 9: புலியும் ஆடும் சமம்

சென்ற வாரம் சதுரங்கம் பார்த்தோம்; 1997-ல் டீப் புளூ காஸ்பரோவை வென்றதோடு நிறுத்தினேன். இந்த வாரம் நம் ஊர்த் திண்ணைக்கு வருவோம்.

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் கல்லிலேயே கீறிக் கிடந்தது. உச்சியிலிருந்து இறங்கும் 4 கோடுகள், அவற்றை வெட்டி இருபுறமும் நீளும் 3 கோடுகள், அடியில் ஒன்று. கோடுகள் கூடும் இடம் மொத்தம் 23. புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. எங்கள் பெரியப்பா ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் புலி அடைபட்டதென்றே அர்த்தம். "ஆட்டுக்குப் பின்னாடி காலி உடாதே கண்ணு" என்பார். புலி தாண்டி இறங்க இடமில்லாவிட்டால் ஆடு தப்பியது. அவருடைய வித்தை முழுக்க அந்த ஒரு வரிதான்.

இந்த ஆட்டத்துக்கு நேபாளத்தில் ஒரு பங்காளி உண்டு. பாக் சால் என்று பெயர். 25 இடம், மூலைக்கு ஒன்றாக 4 புலி, 20 ஆடு. 5 ஆடு போனால் புலிக்கு வெற்றி. நகர முடியாமல் புலிகள் அடைபட்டால் ஆட்டுக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் யூ ஜின்னும், சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகப் பேராசிரியர் யூர்க் நீவர்கெல்ட்டும் இதைக் கையில் எடுத்தார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஜெயிப்பது புலியா, ஆடா?

முதலில் ஆட்டத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தார்கள். ஆடுகள் எல்லாம் இறங்கிய பிறகு வரக்கூடிய நிலைகளை, ஒன்றைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றாகும் நிலைகளை ஒன்றாகவே எண்ணி, அட்டவணை போட்டார்கள். வந்த எண்ணிக்கை 8,82,60,972. ஒவ்வொன்றுக்கும் முடிவு எழுதியாயிற்று.

சிக்கல் முன்பாதியில்தான். ஆட்டை வைக்க 20 முறை, நடுவே புலி நகர 19 முறை, ஆக 39 நகர்வு. அதற்குள் கிளைக்கும் வழிகளோ, 1 போட்டு 41 பூஜ்ஜியம் போடும் அளவு. எந்தக் கணினியாலும் அத்தனையையும் பார்க்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தை அனுபவ விதிப்படி மட்டும் ஆடவிட்டு, எதிர்ப்பக்கத்தை எல்லா வழியும் முயலச் செய்தார்கள். விதிப்படி ஆடுபவன் அப்போதும் தோற்கவில்லை என்றால், தோற்காமல் ஆட வழி இருப்பது நிரூபணமாகிவிடும். கிளைகள் பெருமளவு உதிர்ந்தன. எனக்கு இங்கே பெரியப்பாவின் குரல் கேட்கிறது: திண்ணையில் அவர் செய்ததும், எல்லா வழியையும் பார்க்காமல் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு ஆடியதுதானே!

கணக்கு ஒருவழியாக முடிந்தது. விடை: சமம். கட்டுரை 2009-ல் ஒரு தொகுப்பில் அச்சாகியிருக்கிறது.

நம் ஆட்டத்தையும் இப்படிப் போட்டுப் பார்க்க, சேலத்திலும் நாமக்கல்லிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு முடியும். ஆனால் கணினிக்கு விதி துல்லியமாக வேண்டும். ஒரே மூச்சில் புலி இரண்டு ஆட்டை வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிந்தது? ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. பல ஊர்களில் அது பெரியவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. வாசகர்களே, உங்கள் ஊர்த் திண்ணையில் எப்படி ஆடினார்கள் என்று தாத்தாவிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள்.