பாரமும் பலமும் விலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் வயது முதிர்ந்தவர்கள் மோட்டார்க் காரை இன்றும் ‘பிளஷர்’ என்று சொல்லக் கேட்கலாம். சரக்கு ஏற்றும் லாரியினின்றும் ஜனங்களை ஏற்றும் பஸ்ஸினின்றும் வேறுபட்டது, சொந்தக்காரனின் சௌகரியத்துக்கும் சந்தோஷத்துக்கும் மட்டுமே உரியது என்ற கருத்தில் ஒரு காலத்தில் வழங்கிய ‘பிளஷர் கார்’ என்ற தொடரிலிருந்து பின்சொல் உதிர்ந்துபோக, முன்சொல் மட்டும் நம் நாவுக்கு இசைந்து தங்கிவிட்டது. ஆனால் அந்த வண்டியைத் தெருவில் கண்டவுடன் நம்மவர் கேட்ட கேள்விகள் சந்தோஷத்தைப் பற்றியவை அல்ல. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு பாரம் தாங்கும், காலனுக்கு எத்தனை மைல் போகும், என்ன விலை ஆயிற்று என்பவையே. இழுக்கும் பலம், இழுபடும் பாரம், கொடுத்த பணம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் இந்தக் கணக்கு, மோட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பாலாற்றங்கரையில் பழகிப்போன கணக்கு. அமெரிக்க யந்திரம் நம் சாலைகளில் வென்றது அந்தக் கணக்கினால்தான் என்பது என் துணிபு.

அந்தப் பாலாற்றங்கரை ஊர்களுள் ஒன்றான வாலாஜாபாத்தின் பெயர் ஆர்க்காட்டு நவாபாகிய முகம்மது அலி வாலாஜாவின் நினைவைத் தாங்கி நிற்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கும்பினிப் பட்டாளம் இங்கே பாளையம் இறங்கியிருந்தது. பட்டாளத்துக்கு உயிர் பீரங்கி. பீரங்கிக்கு உயிர் எருது. இதைக் கும்பினியார் கற்ற இடமும் வெகு தொலைவில் இல்லை. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நிர்மூலமாக்கிய செய்தி, காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு தங்கியிருந்த ஸர் ஹெக்டர் மன்றோவுக்கு எட்டியபோது, தானியமும் குறைந்து, இழுவை மாடுகளும் போதாதிருந்த நிலையில், அவர் தம் கனத்த பீரங்கிகளை அவ்வூர்ப் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்கு இன்று சாலை வழியே போகிறவர் வாலாஜாபாத்தைக் கடந்தே போகிறார். தூக்க முடியாத பாரம் எத்துணை வல்லமை வாய்ந்த ஆயுதமானாலும் பயனற்றது என்பதற்கு அந்தக் குளத்தைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஹைதரிடம் இருந்தவை மைசூரின் புகழ்பெற்ற எருதுகள். பிற்பாடு திப்பு ‘அமிர்த மஹால்’ என்று பெயரிட்ட இனம். உடல் கனம் மிகாமலும், கால் நீண்டும், நெடுவழி நடந்தும் சோராமலும் இருந்த அந்த மாடுகளின் துணையால் ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தை அடைந்ததாக ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வெல்லிங்டன் பிரபு ஸ்பெயின் தேசத்துப் போர்க்களத்தில் இருந்தபோது மைசூர் மாடுகள் கைவசம் இல்லையே என்று ஏங்கினார் என்பதும் பிரசித்தம்.

வண்டி மாட்டை விலை பேசும் நம் விவசாயியும் இதே கணக்கைத்தான் போட்டான். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, திமிலையும் குளம்பையும் தடவி, நுகத்தில் பூட்டிச் சேற்றில் இழுக்கவிட்டுப் பார்த்த பிறகே அவன் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்தான். ஓரிணை எருதுகளின் நீடித்த உழைப்பு ஏறத்தாழ ஒரு குதிரைத் திறனுக்குச் சமம் என்று விவசாய யந்திர நூலார் கணக்கிடுகின்றனர். காங்கேயம் போன்ற பெரிய இனத்தில் அந்த இணையின் எடையே 1,000 கிலோவை ஒட்டும். ஆயிரம் கிலோ உடலுக்கு ஒரு குதிரைத் திறன் என்றால் கேட்பவருக்கு அற்பமாகத் தோன்றும், ஆயினும் அந்த இணை, நல்ல சாலையில் தன் எடையளவு பாரத்தை மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் இழுத்துக்கொண்டு போயிற்று, சொந்த வயலின் வைக்கோலைத் தின்றது, எருவும் தந்தது. விலைக்கு ஏற்ற பயன் என்ற அளவில் அதை வெல்வது எளிதாக இருக்கவில்லை.

சென்னையில் மோட்டாரின் வரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரி கம்பெனியைச் சேர்ந்த யார்க் என்பவர் 1901 வாக்கிலேயே அடையாற்றிலிருந்து தம் காரியாலயத்துக்கு மோட்டாரில் போய் வந்தார். சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவி மோட்டாரைக் கட்டினார். நம்பெருமாள் செட்டியார் போன்ற தனவந்தர் சிலர் பிரெஞ்சு வண்டிகளை வரவழைத்தனர். இவையெல்லாம் நகரத்து அதிசயங்கள். நாட்டுப்புறச் சாலை அமெரிக்க வண்டிக்காகக் காத்திருந்தது.

ஏன் அமெரிக்க வண்டி, ஏன் ஆளுகின்ற ஆங்கிலேயரின் வண்டி அன்று என்ற கேள்விக்கு விடை லண்டனில் விதிக்கப்பட்ட ஒரு வரியில் இருக்கிறது. 1921ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் மோட்டார் வரி, யந்திரத்தின் மெய்யான பலத்தைப் பொறுத்ததாக இல்லாமல், சிலிண்டரின் குறுக்களவைப் பொறுத்து ஒரு சூத்திரப்படி கணித்த ‘குதிரைத் திறன்’ ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் விதிக்கப்பட்டது. ஆகவே ஆங்கில நிர்மாணிகள் குறுகிய சிலிண்டரும் நீண்ட வீச்சும் கொண்ட சின்னஞ்சிறு யந்திரங்களைச் செய்யத் தலைப்பட்டனர். 1922இல் வெளிவந்த ஆஸ்டின் ஸெவன் அந்தச் சூத்திரத்தின் தவப்புதல்வன். பெயரிலுள்ள ‘ஏழு’ வரிக் கணக்கின் ஏழே. அதன் யந்திரக் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். மெய்யான பலம் சுமார் 10 குதிரை. எடை சுமார் 360 கிலோ. ஃபோர்டு கம்பெனியின் டி மாடலோ 2,900 கன சென்டிமீட்டர் யந்திரமும் 20 குதிரைத் திறனும் உடையது. இலேசான உடலமைப்பில் 540 கிலோ எடை. அதே சூத்திரப்படி அது இருபத்திரண்டரைக் குதிரை ஆகிவிட்டதால், லண்டனில் அதை வைத்திருப்பவன் ஆண்டுக்கு 23 பவுன் வரி கட்ட நேர்ந்தது. நம் ஊர் விவசாயி போடும் கணக்கில் பார்த்தால், ஆஸ்டினில் ஒரு குதிரை 36 கிலோவைச் சுமக்க, ஃபோர்டில் ஒரு குதிரைக்கு 27 கிலோதான். மெலிந்த ஏரிக்கரை மேட்டிலும், பாலாற்று மணலிலும், மழைக்காலத்துக் களிமண் சாலையிலும் இந்த வித்தியாசம் உயிரான வித்தியாசம்.

அந்த எடைக் குறைவு தற்செயலாக வந்ததன்று. வெனேடியம் கலந்த எஃகு சாதாரண எஃகைவிட உறுதியானதாகையால், மெல்லிய பாகங்களைக் கொண்டே முறியாத வண்டியைச் செய்யலாம் என்று ஹென்றி ஃபோர்டு கண்டுகொண்டார். அமெரிக்காவின் சொந்த நாட்டுப்புறச் சாலைகளே அக்காலத்தில் நம்முடையவற்றைப் போல் சேறும் பள்ளமுமாக இருந்தமையால், வண்டி தரையிலிருந்து உயர்ந்து நின்றது. சக்கரங்கள் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தன. 1908இல் 850 டாலராக இருந்த விலை, 1925 வாக்கில் மிக மலிந்த வகையில் 260 டாலராக இறங்கிற்று. இந்தியாவுக்கு வந்தவை பெரும்பாலும் கானடாவிலுள்ள ஃபோர்டு கம்பெனி செய்தவை. பிரிட்டன் நீங்கலான சாம்ராஜ்ய தேசங்களுக்கு விற்கும் உரிமை அந்தக் கம்பெனிக்கே இருந்தது. அதன் கிளையாக 1926இல் இந்தியக் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, 1930, 1931 ஆண்டுகளில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுகப் பட்டணங்களில் பாகங்களைக் கூட்டி வண்டி கட்டும் வேலை நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் அந்த வேலையைத் தொடங்கியிருந்தது.

இதன் பின்னரே, அண்மைக்காலம் வரை அமெரிக்க வாலிபர்கள் மஸ்டாங், கமாரோ, சாலெஞ்சர் என்ற மூன்று வண்டிகளை ஒப்பிட்டு வாதிட்டது போன்ற வாதம் நம் தேசத்தில் முதன்முதலாக எழுந்தது. ஃபோர்டின் ஏ மாடல் நான்கு சிலிண்டரும் 40 குதிரையும் உடையதாக இருக்க, 1929இல் செவர்லே அதே விலை வகுப்பில் ஆறு சிலிண்டரும் 46 குதிரையும் தந்தது. 1932இல் ஃபோர்டு அதற்கு மறுமொழியாக எட்டு சிலிண்டர்களை ஒரே வார்ப்பில் வார்த்து, 65 குதிரையுள்ள வி-எட்டு யந்திரத்தை எளியவரும் எட்டும் விலையில் வைத்தது. அதுவரை எட்டு சிலிண்டர் என்பது சமஸ்தானாதிபதிகளின் சொத்து. பலம் வேண்டியவன் ஃபோர்டையும், சீரான ஓட்டமும் எண்ணெய்ச் சிக்கனமும் வேண்டியவன் செவர்லேயையும் நாடினான் என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் அமெரிக்க யந்திரத்தின் மெய்யான பெருமை பிளஷரில் இல்லை, பஸ்ஸில் இருந்தது. 1911இல் மதுரையில் பஸ் நடத்தத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விநியோகஸ்தர் ஆனார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டிய ஜி. டி. நாயுடு கோவை ஜில்லாவெங்கும் பஸ்களைப் பரப்பினார். கடலைத் தாண்டி வந்தது அடிச்சட்டமும் யந்திரமும் மட்டுமே. அவற்றின் மேல் நம் தச்சர் மரச்சட்டம் அமைத்துத் தகடு அடித்து, பலகை ஆசனம் போட்டு, கூரைமேல் மூட்டைக்குக் கம்பி வேலி கட்டினார்கள். சரக்குக்காக ஒன்றரை டன் என்று அளவிட்டு அனுப்பப்பட்ட அந்த அடிச்சட்டங்கள், உள்ளே ஜனமும் மேலே நெல் மூட்டையும் வாழைத்தாரும் நெசவுப் பாவுமாக, நிர்மாணித்தவன் கனவிலும் காணாத பாரத்தைச் சுமந்தன. வண்டியைச் செய்தவனுக்கு மிகைப் பலம் என்பது வேகம். நமக்கோ அது முறியாமல் சந்தைக்குப் போய்ச் சேருவது. இந்தப் பொருள் மாற்றமே எனக்கு இச்சரித்திரத்தில் மிகவும் அழகாகப் படுவது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது அந்த மிகைப் பலமே பஸ்களைக் காப்பாற்றிற்று. பின்புறத்தில் ஓர் உருளையைப் பொருத்தி, மரக்கரியை அரைகுறையாக எரித்து, அதனின்றும் எழும் வாயுவை யந்திரத்துக்கு ஊட்டும் கருவியைச் சுந்தரம் ஐயங்காரின் டி. வி. எஸ். கம்பெனியார் செய்து விற்றனர். கரி வாயுவில் ஓடும்போது யந்திரம் தன் பலத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் இழந்துவிடும். புறப்படுமுன் கிளீனர் நெடுநேரம் காற்றுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். எண்பது குதிரையுள்ள யந்திரம் ஐம்பதாகக் குறைந்தாலும் நகர்ந்தது. பத்துக் குதிரை யந்திரமாக இருந்திருந்தால் கிராமத்து வழித்தடங்கள் அக்காலத்தில் நின்றே போயிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு மாறிற்று. 1953இல் சுங்க ஆணையம், தேசத்திலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் விலக வேண்டுமென்று கூற, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954 வாக்கில் விடைபெற்றன. எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆகி, டீசல் லாரியையும் பஸ்ஸையும் நாடெங்கும் நிறைத்தது. எஞ்சிய பிளிமத், டாட்ஜ் பிளஷர்களின் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு, சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் டீசல் யந்திரத்தைப் பொருத்தி வாடகைக்கு ஓட்டினார்கள். கனத்த அமெரிக்க உடம்பில் ஆங்கிலேய டீசல் உயிர் புகுந்து, வேகம் போய், வயிற்றுச் செலவு குறைந்தது.

நாம் அவ்வாறு பலத்தைத் துறந்துகொண்டிருந்த தசாப்தத்தை அடுத்து, அமெரிக்காவில் பலம் தனக்காகவே போற்றப்படும் காலம் பிறந்தது. 1964ஆம் ஆண்டு மாடலாகப் பாண்டியாக் ஜி. டி. ஓ. வெளிவந்தது; நடுத்தர அளவு வண்டியில் பெரிய யந்திரம் வைக்கக்கூடாதென்ற கம்பெனி விதியை, விருப்பத்துக்கேற்ற கூடுதல் சாமான் என்ற பெயரால் கடந்து, 6.4 லிட்டரும் 325 குதிரையும் உள்ள யந்திரத்தை அதில் வைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் 2,368 டாலர் விலையில் வந்தது. இத்தகைய வண்டிகளுக்கு ‘மஸில் கார்’ என்று பெயர் உண்டாயிற்று. புகைக் கட்டுப்பாடும், இன்ஷூரன்ஸ் உயர்வும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அந்த முதல் யுகத்தை முடித்தன.

இரண்டாம் யுகத்தின் உச்சத்தை 2016ஆம் ஆண்டு வண்டிகளில் காணலாம். மஸ்டாங் ஜி. டி. 435 குதிரையும் ஏறத்தாழ 1,680 கிலோவும். செவர்லே கமாரோ எஸ். எஸ். 455 குதிரையும் ஏறத்தாழ 1,670 கிலோவும். டாட்ஜ் சாலெஞ்சர் ஆர். டி. சுமார் 370 குதிரையும் 1,900 கிலோவும். குதிரைக்கு எத்தனை கிலோ என்று வகுத்தால் கமாரோ முந்துகிறது. விலையைச் சேர்த்தால், முறையே சுமார் 33,000, 37,000, 33,000 டாலர் என்ற கணக்கில், மஸ்டாங்கே முந்துகிறது. பின் ஆசனத்தில் வளர்ந்த மனிதர் அமர வேண்டுமென்று கேட்டால், மற்ற இரண்டும் தலைகுனிய, சாலெஞ்சர் ஒன்றே நிமிர்கிறது. என் தீர்ப்பைக் கேட்டால் மஸ்டாங் என்பேன்; எங்கள் தாத்தாமார் இருந்தால் ஐயமின்றி சாலெஞ்சர் என்றிருப்பார்கள்.

அந்த மஸ்டாங் 2016 ஜூலையில் இந்தியாவுக்கும் வந்தது, 65 லட்சம் ரூபாய் விலையில். இறக்குமதித் தீர்வையும் சேர்ந்து, பிறந்த நாட்டு விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல். அதைச் செய்த கம்பெனியின் தொழிற்சாலையோ, வாலாஜாபாத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில், மறைமலை நகரில் இருந்தது. அங்கே செய்யப்பட்டவை வேறு வண்டிகள். நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும், 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் யந்திரமோ 1,500க்கு மேற்படாத டீசல் யந்திரமோ உடைய காருக்கு வரிச் சலுகை என்று 2006இல் நம் சர்க்கார் வகுத்த விதியே இந்நாட்டு வண்டிகளின் உருவத்தைத் தீர்மானித்தது. 1921இல் லண்டன் சூத்திரம் ஆஸ்டினைச் சுருக்கியது போல, இவ்விதி 3,999 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபோர்டு எகோஸ்போர்ட்டை உருவாக்கிற்று.

2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கமாரோ, சாலெஞ்சர் ஆகியவற்றின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றது. மறைமலை நகர்த் தொழிற்சாலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசியாக வெளிவந்தது ஓர் எகோஸ்போர்ட்.