தன் பெயர் தனக்கு வராத சீட்டு

கிறிஸ்துமஸ் நெருங்குகையில் மேலைநாட்டு அலுவலகங்களில் நிகழும் பரிசுப் பரிமாற்றத்தை நாம் அறிவோம். அனைவர் பெயரையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கின்றனர். சீட்டில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கு, தம்மை வெளிக்காட்டாமல் பரிசளிக்க வேண்டும். விதி ஒன்றே: தன் பெயர் தனக்கு வரலாகாது. எவருக்கேனும் வந்துவிட்டால் மீண்டும் குலுக்க வேண்டும். அவ்வாறு எத்தனை முறை குலுக்க நேரும்? இவ்வெளிய வினாவுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

1708ஆம் ஆண்டில் பாரிசில், பியர் ரேமோன் தெ மோன்மோர் என்பார் சூதாட்டங்களின் கணிதத்தை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் ‘பதின்மூன்று’ எனப் பொருள்படும் ‘த்ரேஸ்’ என்னும் சீட்டாட்டம் பேசப்படுகிறது. அதன் எளிய வடிவம் இது: ஒன்று முதல் பதின்மூன்று வரையான சீட்டுகளைக் கலைத்து, எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். சொன்ன எண்ணும் புரண்ட சீட்டும் ஒருமுறையேனும் ஒன்றுபட்டால் புரட்டியவருக்கு வெற்றி. ஒருமுறைகூட ஒன்றுபடாதிருக்க வாய்ப்பு எவ்வளவு? எண்களின் இடத்தில் மனிதர்களை நிறுத்தினால் இது நமது பரிசுச் சீட்டேயன்றி வேறில்லை. 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிக்கொலாஸ் பெர்னூலியின் நிறுவல் இடம்பெற்றது. 1753இல் அச்சான கட்டுரையொன்றில் ஆய்லரும் இதனை ஆராய்ந்தார்.

அவர்கள் கண்ட விடை வியப்புக்குரியது. நால்வர் எனில் 24 வழிகளில் 9 மட்டுமே விதிக்கு உட்பட்டவை. ஐவர் எனில் 120இல் 44. பதின்மர் எனில் 36,28,800இல் 13,34,961. ஆள் பெருகப் பெருக வாய்ப்பு ஏறத்தாழ 36.8 விழுக்காட்டில் நிலைத்துவிடுகிறது. ஆயிரவர் கூடினும் மாற்றமில்லை. கூட்டம் பெருகினால் ஒருவர் தம் பெயரையே எடுக்கும் வாய்ப்புக் குறையும். ஆனால் அவ்வாறு எடுக்கக்கூடியவர் தொகை கூடும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆகவே சராசரியாக மூன்று முறைக்குள் குலுக்கல் முடிந்துவிடும்.

எனினும் இவ்விதிக்கு மற்றொரு முகமும் உண்டு. மூவர் மட்டும் ஆடுவதாகக் கொள்வோம். முதலாமவர் கையில் இரண்டாமவர் பெயர். இரண்டாமவர் முதலாமவர் பெயரை எடுத்திருந்தால், மூன்றாமவருக்குத் தம் பெயரே மிஞ்சும், அது விலக்கப்பட்டது. எனவே இரண்டாமவரிடம் மூன்றாமவர் பெயரும், மூன்றாமவரிடம் முதலாமவர் பெயரும்தான் இருக்க முடியும். தம் சீட்டைப் பார்த்த கணமே முதலாமவருக்கு எல்லாம் வெளிச்சம். தன் பெயரையும் அனுமதித்திருந்தால் ஐயம் எஞ்சியிருக்கும். மறைபொருளைக் குலைத்தது விதியே.

விளையாட்டில் இது சிறு குறை, போரிலோ பெருங்கேடு. இரண்டாம் உலகப்போரில் செருமானியர் நம்பிய எனிக்மா என்னும் மறையெழுத்துப் பொறியில் மின்னோட்டத்தைத் திருப்பியனுப்பும் உறுப்பு ஒன்று இருந்தது. ஒரே அமைப்பில் செய்தியை மறைக்கவும் மீட்கவும் அது வசதி செய்தது. அதற்குத் தந்த விலை, எந்த எழுத்தும் தானாகவே வெளிவர இயலாமை. பரிசுச் சீட்டின் விதி அங்கே பொறியின் இயல்பாயிற்று. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் அறிஞர்கள், செய்தியில் இருக்கக்கூடும் என ஊகித்த சொற்றொடரை மறையெழுத்தின் கீழே நகர்த்தி வைத்துப் பார்த்தனர். எங்கேனும் மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ந்தால் அவ்விடம் பிழையெனத் தள்ளினர். பதினெட்டு எழுத்துத் தொடர் எனில் ஏறத்தாழப் பாதி இடங்கள் இவ்வாறே கழிந்துவிடும்.

அங்குப் பணிபுரிந்த மேவிஸ் லீவர் என்னும் இளம்பெண், ஒரு நீண்ட செய்தியில் ‘எல்’ என்னும் எழுத்து ஓரிடத்தும் இல்லாமை கண்டார். வெற்றுச் செய்தி அனுப்பப் பணிக்கப்பட்ட எவரோ அவ்வெழுத்தையே தொடர்ந்து அழுத்தியிருக்கிறார் என உய்த்துணர்ந்தார். அவர் ஊகம் சரியாயிற்று.

எதனை விலக்குவது என்பதையே விதி செய்வோர் எண்ணுகின்றனர். விலக்கியதைக் கொண்டே எஞ்சியதைப் பிறர் படித்துவிடக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குச் சொல்வது.