சாயமும் ஒளியும் வேர்க்கால்வாயும்: மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்கு எதிரான ஒளியியக்கச் சிகிச்சையின் வரலாறு

2010இல் 'ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்' இதழில் பிரேசிலைச் சேர்ந்த அகினால்டோ கார்செஸும் அவருடைய குழுவினரும் ஒரு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டார்கள். 21 நோயாளிகள், 30 முன்பற்கள். எல்லாப் பற்களுக்கும் ஏற்கெனவே வேர்க்கால்வாய்ச் சிகிச்சை நடந்திருந்தது, ஆன்ட்டிபயாட்டிக்கும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் வேர் நுனியைச் சுற்றி எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர் ஒன்றாவது ஒவ்வொரு நோயாளியிடமும் இருந்தது. வேரைத் திறந்து, மறுபடி ராவி, கழுவியபின் 3 பற்களில் மட்டுமே கிருமி வளரவில்லை. அடுத்து ஒரு சாயத்தை உள்ளே விட்டு 4 நிமிடம் சிவப்பு லேசர் பாய்ச்சினார்கள். அதன்பின் எடுத்த மாதிரிகளில் 30 பற்களிலும் எதுவும் வளரவில்லை.

ஆன்ட்டிபயாட்டிக் தோற்ற இடத்தில் ஒளி வென்றது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருந்தாலும் அந்தச் சுருக்கம் இரண்டு இடங்களில் வழுக்குகிறது. ஒளிச் சிகிச்சை ஆன்ட்டிபயாட்டிக்குக்குப் பின் வந்ததல்ல. அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. இன்னொன்று, வேர்க்கால்வாயில் 'அடங்காமை' என்பது ஒன்றல்ல, இரண்டு. மரபணு வழியாக மருந்தை வெல்வது ஒரு வகை. மருந்தே எட்டாத இடத்தில் ஒண்டிக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகைக்கு ஒளி நல்ல பதில். இரண்டாவது வகைக்கு ஒளியும் திணறுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இத்துறையின் முரணான முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

தொடக்கம் மியூனிக் நகரில். 1897–98 குளிர்காலத்தில் ஹெர்மன் ஃபான் தப்பைனரின் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் பரமீசியம் என்னும் ஒற்றைச்செல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே கரைசல், ஒரே செறிவு. ஆனால் சாகும் நேரம் நாளுக்கு நாள் மாறியது. ஒரு நாள் இடியும் மின்னலுமாக வானம் இருண்டிருந்தபோது உயிரிகள் வெகுநேரம் பிழைத்துக் கிடந்தன. அந்த நாளின் கணக்குக்கும் வெயில் நாளின் கணக்குக்கும் இடையில் மாறியது வெளிச்சம் ஒன்றுதான் என்பதை ராப் பிடித்துக்கொண்டார். சாயத்தை மட்டும் வைத்தார், ஒளியை மட்டும் வைத்தார். இரண்டும் சேர்ந்தபோதுதான் உயிரி விரைவில் செத்தது. 1900இல் இது அச்சேறியது. 1903இல் தப்பைனரும் யெசியோனெக்கும் ஈயோசின் சாயம் தடவித் தோல் கட்டிகளுக்கு ஒளிச் சிகிச்சை செய்தார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்த வினை நடக்காது என்பதைத் தப்பைனரும் யோட்ல்பாவரும் 1904இல் காட்டினார்கள். ஒளியியக்க வினை என்ற பெயரும் அவர்கள் இட்டதே.

கார்போகரிசியைத் தடவி வெயிலில் நின்று வெண்புள்ளிக்கு வைத்தியம் பார்த்த பழைய வழக்கத்திலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். அந்த விதையிலுள்ள சோரலென் புற ஊதா ஒளியில் டிஎன்ஏ இழைகளைப் பிணைக்கிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் தேவையில்லை. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903இல் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் ஃபின்சனும் வெளியிலிருந்து சாயம் எதையும் சேர்க்கவில்லை. நம் கதைக்குச் சாயம், ஒளி, ஆக்சிஜன் மூன்றும் வேண்டும்.

அதே காலத்தில் பல் பக்கம் நடந்தது இன்னொரு கதை. பெர்லினில் இருந்த அமெரிக்கரான வில்லபி மில்லர் 1894இல் அழுகிய பற்கூழில் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். 1910இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசிய பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர், சீழ் பிடித்த வேர்களின்மேல் தங்க மகுடம் கட்டும் பல் வைத்தியத்தைக் கடுமையாகச் சாடினார். வாயிலுள்ள அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்ற கோட்பாடு பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பாற்றக்கூடிய பற்களும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்பதே சந்தேகத்துக்கு உள்ளாயிற்று.

ஜூரிக்கில் வால்டர் ஹெஸ் அப்போது செய்த வேலை இந்தச் சத்தத்தில் அதிகம் கேட்கவில்லை. பிடுங்கிய பற்களின் கால்வாய்களில் ரப்பரை நிரப்பி, பல்லைக் கரைத்துவிட்டு, மீந்த வார்ப்பைப் பார்த்தார். பாடப்புத்தகம் காட்டிய நேரான குழாய் அங்கே இல்லை. கிளைகள், பக்கவாட்டுச் சந்துகள், இரண்டு கால்வாய்களை இணைக்கும் மெல்லிய பிளவுகள், நுனியில் ஆற்றுமுகம்போல் பிரியும் நுண்வழிகள். அவை போதாதென்று, கால்வாயின் சுவரெங்கும் ஓரிரண்டு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள டென்டைன் நுண்குழல்கள் திறந்து கிடக்கின்றன. பல பாக்டீரியாக்கள் அவற்றுக்குள் தாராளமாக நுழையும். பல பத்தாண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2001இல் ஓவ் பீட்டர்ஸ் குழுவினர் நுண் சிடி படங்களில் அளந்தபோது, எந்தக் கருவியால் ராவினாலும் கால்வாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ தொடப்படாமலேயே நின்றது. 2005இல் நாயரும் சகாக்களும் ஒரே அமர்வில் ராவி, கழுவி, அடைத்த 16 கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகளை ஆராய்ந்தார்கள். 14இல் கிருமி மிச்சமிருந்தது.

இந்த இடுக்குகளுக்குள் முதலில் துணிந்து இறங்கியது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில் காயம் கழுவ ஹென்றி டேக்கின் பயன்படுத்திய கரைசலை 1919இல் கூலிட்ஜ் வேர்க்கால்வாய்க்குக் கொண்டுவந்தார். இன்றுவரை அதுவே முதன்மைக் கழுவுநீர்.

பிறகு பென்சிலின் வந்தது. ராப் கண்டுபிடித்த வினையைக் கிருமிக்கு எதிராக வளர்க்கும் ஊக்கம் இத்தோடு வற்றிப்போனது என்றே படுகிறது. ஊசியிலும் மாத்திரையிலும் கிருமி சாகும்போது சாயமும் விளக்குமாக யார் உட்கார்ந்திருப்பார்கள்? பல் மருத்துவமும் அந்த அலையில் சேர்ந்தது. 1951இல் லூயி கிராஸ்மன் பென்சிலின், பேசிட்ராசின், ஸ்ட்ரெப்டோமைசின், சோடியம் காப்ரிலேட் ஆகியவற்றைக் குழைத்துக் கால்வாய்க்குள் வைக்கும் பசையை அறிமுகப்படுத்தினார். ஒவ்வாமை ஆபத்து அதை வீழ்த்தியது. 1996 வாக்கில் ஜப்பானின் நிகாட்டாவில் ஹோஷினோ குழு சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் கலந்த பசையைச் சோதித்தது. அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. வாய்வழி மாத்திரையின் கதை இன்னும் விசித்திரமானது. பற்கூழ் செத்தபின் கால்வாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது; விழுங்கிய மருந்து போய்ச்சேர வழியும் கிடையாது. இருந்தும் பல்வலி என்றால் மருந்துக்கடையில் அமாக்சிசிலின் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மூரில் போகவில்லை. உள்ளே இருக்கும் கிருமிக்கு உறைக்காமல் உடம்பின் மற்றக் கிருமிகளுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் வேலை அது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது 1960களுக்குப் பிறகே தெளிவாயிற்று. 1965இல் ககேஹாஷி குழுவினர் கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். அது தானே ஆறியது. சாதாரண எலிகளில் அழுகியது. 1976இல் ஸ்வீடனின் சுன்ட்க்விஸ்ட், அடிபட்டுப் பற்கூழ் இறந்த, ஆனால் வெளியே முழுதாக இருந்த பற்களில் வாழ்ந்த பாக்டீரியாக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனை வெறுப்பவை என்று காட்டினார். 1998இல் அவரே, சிகிச்சை தோற்ற 54 பற்களை மறுபடி திறந்தார். கிருமி கிடைத்தவற்றில் 38 விழுக்காட்டில் இருந்தது என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ்.

இந்தக் கிருமியிடம் அடங்காமையின் இரு வகைகளும் சேர்ந்தே இருக்கின்றன. செஃபலோஸ்போரின்களுக்கு இது பிறவியிலேயே அடங்காது. என்டெரோகாக்கஸ் பேரினத்தில் வான்கோமைசினையும் எதிர்த்து நிற்பவை 1980களின் பிற்பகுதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் தென்பட்டன. அதே சமயம் இது பட்டினி கிடந்து பிழைக்கும், உயிர்ப்படலம் கட்டும், நுண்குழல்களுக்குள் இறங்கும். கால்வாயில் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தை, உள்ளே புரோட்டான்களை இழுக்கும் ஒரு பம்பைக் கொண்டு சமாளிக்கிறது. 2002இல் எவன்ஸ் குழுவினர் அளந்தபடி பிஎச் 11.1 வரை தாங்கி, 11.5இல் சாகிறது. டென்டைன் காரத்தை மட்டுப்படுத்துவதால் நுண்குழலுக்குள் அந்த 11.5 எட்டுவது கடினம்.

ஒளி திரும்பி வந்தது இந்தப் பின்னணியில்தான். 1990இல் மாலிக்கும் நிட்சானும் போர்ஃபிரின்களை ஒளியால் தூண்டி பாக்டீரியாவைக் கொல்வதை நுண்ணுயிர் மருந்துகளுக்கு மாற்றாக முன்வைத்தார்கள். லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிறுவனத்தில் மைக்கேல் வில்சன், டாப்சனுடன் சேர்ந்து 1992இல் வாய்ப் பாக்டீரியாக்களின் படலங்களைச் சாயமும் குறைந்த திறன் லேசரும் கொண்டு கொன்றார். 1995இல் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் மீதும் அவரும் யியானியும் அதையே செய்து காட்டினார்கள். மருந்துக்கு அடங்குமா அடங்காதா என்பது ஒளிக்கு ஒரு பொருட்டல்ல என்ற கருத்துக்கு ஆதாரம் சேரத் தொடங்கியது இப்படித்தான்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. இச்சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் சாயமான மெத்திலீன் நீலம் 660 நானோமீட்டர் சுற்றிலுள்ள சிவப்பொளியை விழுங்கிக் கிளர்ந்து, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனிடம் கைமாற்றுகிறது. பிறக்கும் ஒற்றைநிலை ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோவினாடிகளே வாழும்; ஒரு மைக்ரோமீட்டர்கூட நகராது. அதற்குள் எதிர்ப்படும் புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எதையும் விடுவதில்லை. ஒரு நொதியைக் குறிவைக்கும் மருந்தை ஒரு மரபணு மாற்றத்தால் ஏமாற்றலாம். குறியே இல்லாத தாக்குதலை அப்படி ஏமாற்றுவது கடினம். ஆனால் அதே குறுகிய எட்டம் ஒரு நிபந்தனையும் வைக்கிறது: சாயம் கிருமியை ஒட்டி இருக்க வேண்டும், ஒளி அங்கே விழ வேண்டும், ஆக்சிஜனும் அங்கே இருக்க வேண்டும்.

பல் மருத்துவரின் நாற்காலியில் இது நடக்கும் விதம் எளிது. ரப்பர் திரை கட்டிய பல்லில், ராவிக் கழுவி முடித்தபின், மிச்சமிருக்கும் ஹைப்போகுளோரைட்டை முதலில் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது சாயத்தை வெளுத்துவிடும். பிறகு ஊசியால் நீலச் சாயம் நிரப்பி, ஓரிரு நிமிடம் முதல் 5 நிமிடம் வரை ஊறவிடுகிறார்கள். மெல்லிய ஒளியிழையைக் கால்வாய்க்குள் இறக்கி, மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி ஒளி பாய்ச்சுகிறார்கள். முடிந்ததும் கழுவாமல் விட்டால் பல் நீலம் பாரித்துப்போகும்.

ஆய்வுக்கூட முடிவுகள் தொடக்கத்திலேயே எச்சரித்தன. 2002இல் சீல் குழுவினர் கால்வாய்க்குள் வளர்த்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் படலத்தில் ஒளி பெருங்குறைவை உண்டாக்கியது. ஆனால் 3 விழுக்காடு ஹைப்போகுளோரைட் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. 2006இல் பாஸ்டன் ஃபோர்சித் நிறுவனத்தின் சூகோஸ் குழுவில், சதுர சென்டிமீட்டருக்கு 30 ஜூல் ஒளிக்கு மற்ற வேர்க்கால்வாய்க் கிருமிகள் எல்லாம் மடிந்தன. என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸில் மட்டும் 53 விழுக்காடே செத்தது. கால்வாய்க்குள் எல்லாப் பக்கமும் ஒளி பரப்பும் இழையுடன் 222 ஜூலுக்கு உயர்த்தியபோது 97 விழுக்காடு. ஒரே கிருமி, ஒரே சாயம். ஒளியின் அளவும் அது விழுந்த விதமும்தான் மாறின.

அதே ஆண்டில் டீகோஸும் ஹாம்ப்ளினும் இன்னொரு உண்மையைச் சொன்னார்கள். பல மருந்துகளை வெளியே தள்ளும் பாக்டீரியப் பம்புகள் மெத்திலீன் நீலக் குடும்பத்துச் சாயங்களையும் வெளியே தள்ளுகின்றன. மருந்து எதிர்ப்புக்கும் ஒளிக்கும் சம்பந்தமே இல்லை என்ற நம்பிக்கையில் இது ஒரு ஓட்டை. அனில் கிஷெனின் குழு 2010இல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது: ரத்த அழுத்த மருந்தான வெராபமில் பம்பை முடக்கும் என்பதால் அதையும் மெத்திலீன் நீலத்தோடு சேர்த்தார்கள், ஃபீகாலிஸ் படலம் கூடுதலாக அழிந்தது. அதற்கு முன்பே, 2008இல், சஜி ஜார்ஜும் கிஷெனும் ஆக்சிஜனைச் சுமக்கும் பெர்ஃப்ளூரோகார்பனைச் சாயத்தில் குழைத்திருந்தார்கள். இந்த இரண்டு வேலைகளும் எனக்குக் கார்செஸின் எண்களைவிட முக்கியமாகப் படுகின்றன. ஒளி எங்கே, எதனால் தோற்கிறது என்று கேட்டுப் பிறந்தவை அவை.

கார்செஸின் 30 பற்களுக்கு வருவோம். 40 மில்லிவாட், 4 நிமிடம், மொத்தம் 9.6 ஜூல், சாயம் பாலிஎத்திலீன்இமினோடு பிணைத்த குளோரின் இ6. நேர்மின் சுமையுள்ள அந்தப் பிணைப்பு பாக்டீரியாச் சுவரில் நன்றாக ஒட்டும். முன்பற்கள் பெரும்பாலும் ஒற்றை நேர்க்கால்வாய் கொண்டவை; ஹெஸ் வார்த்தெடுத்த சிக்கல்கள் அங்கே குறைவு. ஒப்பீட்டுக் குழு தனியாக இல்லை. அதே பல்லில் முன்பும் பின்பும் பார்த்தார்கள். மாதிரி எடுத்ததோ பேப்பர் பாயின்ட்டால். கால்வாயில் செருகிய அந்தக் காகிதக் கூம்பு மையத்து ஈரத்தைத்தான் உறிஞ்சும். நுண்குழலில் இருப்பது அதில் ஒட்டாது. ஆகவே அந்த அறிக்கை நிறுவியது, எட்டும் இடத்தில் மருந்துக்கு அடங்காதவையும் ஒளிக்கு அடங்குகின்றன என்பதை மட்டும்.

அடுத்து வந்த முடிவுகள் முரணாகத் தோன்றுவது இதனால்தான். அதே 2010இல் ரியோ டி ஜெனிரோவின் சௌசா, சிகெய்ரா குழுவினர், ராவிக் கழுவியபின் ஒளி சேர்த்தும் ஃபீகாலிஸ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றார்கள். 2011இல் இங் குழுவினர் புதிதாகப் பிடுங்கிய 52 நோயுற்ற பற்களில், வழக்கமான சிகிச்சையோடு ஒளியும் சேர்ந்தபோது 86.5 விழுக்காடு கால்வாய்கள் கிருமியற்றவை என்றும், ஒளியில்லாமல் 49 விழுக்காடே என்றும் கண்டார்கள். சாயம், ஊறும் நேரம், ஒளியின் அளவு, இழையின் வடிவம் எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. ஒளியை ஹைப்போகுளோரைட்டுக்குப் பதிலாக அல்ல, அதற்குப் பின் துணையாக வைக்கலாம் என்பது மட்டும் பெரும்பாலோர் ஏற்பது. பல வேர்களுள்ள கடைவாய்ப் பற்களில், ஒரே சாயமும் ஒரே ஒளியளவும் வைத்து, ஒரு குழுவுக்கு ஒளியும் மற்றொரு குழுவுக்கு அதே அளவு நேரம் கூடுதல் கழுவலும் கொடுத்து, வேர் நுனி எலும்பு ஆறுகிறதா என்று எக்ஸ்ரேயில் ஆண்டுக்கணக்கில் பார்க்கும் சோதனைதான் இதைத் தீர்க்கும். பேப்பர் பாயின்ட்டில் முளைப்பதை எண்ணுவது தீர்க்காது.